மூன்றாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எழுதப் போகிறவர்களுக்கு

தொடக்க வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், அதைச் சரிபார்க்கும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்ததிலிருந்து பாடத்திட்டம் மாறும், புத்தகம் மாறும் என்ற பேச்சு ஆசிரியர்கள் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் டீ வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். அதில் எனக்கு ஒரு சின்ன மூலைதான் வேண்டும்: மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் சமூக அறிவியல். அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை என்பதாலேயே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரலாற்றில் எந்த அரசர் இருக்கிறார், எந்தத் தலைவர் விடுபட்டுவிட்டார் என்று தொலைக்காட்சியில் விவாதமே நடக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக "முன்னொரு காலம்" என்பதை எப்படிக் காட்டுவது என்று எவரும் குரல் உயர்த்திக் கேட்டதில்லை.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவன். நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு விடையைக் கொடுக்கும் முன்னால் "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியைக் கொடுங்கள். அதற்கு ஏற்ற மாதிரி கையில் தொட, கண்ணில் பார்க்க ஒரு பொருளைப் பக்கத்தில் வையுங்கள். அரசர் பெயர், ஆண்டு, போர் எல்லாம் அப்புறம் வரட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காலம் புரியாது, அதனால் வரலாறு ஆறாம் வகுப்புக்கு மேல் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மத்தியப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை வரலாறு தனிப் பாடமாக இல்லை, சுற்றுச்சூழலோடு கலந்துதான் வரும். நம்மிடம் மூன்றாம் வகுப்பிலேயே சமூக அறிவியல் தனிப் பாடமாக இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். "கி.பி. 1010" என்று கரும்பலகையில் எழுதினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு எண், அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டு புரியாது என்பதற்காகப் பழைய காலமே புரியாது என்று ஆகிவிடாது.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்தது, ஏறக்குறைய 1400 ஆண்டுப் பழையது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்துப்போனான் என்று கல்லில் எழுதியிருக்கிறது. அதோடு விடவில்லை. அவனோடு ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அந்த நாய்க்காகவும் தனியே எழுத்து வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் உண்டு.

இந்த நாய்க் கதையை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பாடத்தை நீங்கள் நடத்த வேண்டியதில்லை, அவர்களே நடத்துவார்கள். "நாய் செத்துடுச்சா சார்?" "எருமையை ஏன் திருடுனாங்க?" "அந்தக் காலத்துல எழுதத் தெரியுமா?" "கல்லு வைக்கக் காசு யாரு குடுத்தா?" இதில் எந்தக் கேள்வி வரலாற்றுக் கேள்வி இல்லை? எருமையை ஏன் திருடினார்கள் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லப் போனால் மாடுதான் அன்றைக்குச் செல்வம் என்பது வந்துவிடும். எழுதத் தெரியுமா என்றவளுக்குப் பதில் சொன்னால் எழுத்து யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பது வந்துவிடும். மகேந்திரவர்மனும் வருவார், நாயின் வாலைப் பிடித்துக்கொண்டு. அப்படி வந்த அரசரைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

பாடநூல் எழுதுகிறவர்கள் எல்லோரும் மதிக்கும் ஒரு சட்டம் உண்டு. பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும்: நான், என் குடும்பம், என் தெரு, என் ஊர், மாவட்டம், மாநிலம், நாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தால்தான் மூன்றாம் வகுப்புப் பாடம் பெரும்பாலும் சப்பென்று போகிறது. "நமக்கு உதவுவோர்" என்று தபால்காரர், காவலர், மருத்துவர் படம் போட்டு, அவர் என்ன செய்வார் என்று கேட்டால் பிள்ளைக்கு அதில் தெரியாதது என்ன இருக்கிறது? தபால்காரரை விடக் கூரியர் அண்ணனைத்தான் அவர்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. தெரிந்ததையே திருப்பிச் சொல்லச் சொன்னால் கொட்டாவிதான் வரும். அதே பிள்ளை பத்து டைனோசர் பெயரைத் தடுக்காமல் சொல்லும். டைனோசர் அதன் தெருவில் வாழவில்லை, ஆறு கோடி ஆண்டுக்கு முன்னாலேயே அழிந்துபோனது. ஆகத் தூரம் ஒரு தடை இல்லை. கையில் பிடிக்க ஏதாவது இருந்தால் எவ்வளவு தூரத்தையும் பிள்ளை தாண்டும், பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த தெருவும் தூரம்தான்.

பிடிக்க என்ன கொடுப்பது? நம் வீடுகளில் இருப்பதையே சொல்கிறேன். பரணிலிருந்து ஒரு பழைய அண்டாவையோ குடத்தையோ இறக்கச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். சீர்வரிசையில் வந்ததென்றால் கொடுத்தவர் பெயர், தலைப்பெழுத்து, ஊர், சில சமயம் தேதியும் இருக்கும். ஒரு பிள்ளை அதைத் துணியால் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். யார் இவர்? உனக்கு என்ன முறை? இந்தக் குடம் எதற்கு வந்தது? தேதியை யார் வெட்டியிருப்பார்? பெயரில் முதல் எழுத்து தேய்ந்து போயிருந்தால் இன்னும் நல்லது. அது "சா"வா "கா"வா என்று நான்கு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்வதும் இதேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அந்தக் குடத்தைக் கீழே வைத்த கையோடு கீழடிப் பானையோட்டுப் படத்தைக் காட்டுங்கள். "ஆதன்" என்று கீறியிருக்கிறது, இன்னொன்றில் "குவிரன் ஆதன்". ஏறக்குறைய 2600 ஆண்டுக்கு முந்தைய ஊர் அது என்று அங்கே கிடைத்த கரித்துண்டின் காலக் கணிப்பு காட்டியிருக்கிறது. தன் பானையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன் எதற்காகப் போட்டான் என்று கேட்டால், பாட்டி குடத்தைப் பார்த்த பிள்ளை உடனே சொல்லும்: "வேற யாரும் எடுத்துக்கக் கூடாதுன்னு." சரியோ தவறோ, அது ஒரு ஊகம், ஆதாரத்தின் மேல் கட்டிய ஊகம். அந்தப் பழைய எழுத்தில் க என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கும். அதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்கக் கணக்கு நோட்டில் கூட்டல் குறியையெல்லாம் க என்று படித்துச் சிரிப்பார்கள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குச் சிவகங்கை, மதுரைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். மற்றவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு முழுப்பக்கப் படம் கொடுங்கள், பானையோட்டைக் கையளவுக்கே அச்சடித்து. தபால்தலை அளவுப் படத்தால் எந்தப் பயனும் இல்லை.

காலம் எவ்வளவு நீளம் என்பதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லாதது. பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்துங்கள். முதல் பிள்ளை நீ. அடுத்தது உன் அம்மா. அதற்கடுத்தது உன் அம்மாவின் அம்மா. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் நாற்பதாவது பிள்ளை நிற்கும் இடத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்படுகிறது. ஐம்பத்தாறாவது பிள்ளை கோவிவனுக்குச் சோறு வைக்கிறது. கீழடிக்குப் போக நூற்றுச் சொச்சம் பேர் வேண்டும். பள்ளி முழுவதையும் கூட்டினாலும் நாற்பது தேறாத ஊர்கள் நிறைய இருக்கின்றன, எங்கள் பள்ளியும் அதில் ஒன்று. அப்போது சத்துணவு அக்கா, தலைமை ஆசிரியர், வாசலில் நிற்கும் ஒரு தாத்தா எல்லோரையும் வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வரிசையின் கடைசியில் நிற்பவரை முதல் பிள்ளை சத்தமாகக் கூப்பிட வேண்டும். குரல் போய்ச் சேராது. ஆயிரம் ஆண்டு என்றால் என்ன என்பது அப்போதுதான் பிடிபடும்.

சத்துணவு அக்கா என்றதும் நினைவுக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் தினமும் பிள்ளையின் கையில் இருக்கும் தட்டை விடப் பெரிய வரலாற்றுப் பொருள் எது? அந்தத் தட்டைப் பற்றி ஒரு முழுப் பாடம் எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. அப்போது தலைவர் பிட்டி தியாகராயர். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பணச் சிக்கலால் சில ஆண்டுகளில் நின்றும் போனது. 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மாநிலம் முழுக்க மதிய உணவு. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கியது, முதலில் 1,545 பள்ளிகளில். மறு ஆண்டு திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க.

இந்த ஆண்டுகளை அப்படியே புத்தகத்தில் போட்டால் இன்னொரு மனப்பாடப் பட்டியல் ஆகிவிடும் என்று எனக்கும் தெரியும். இதன் அழகே 1920ஐ விட்டால் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஊரில் ஓர் ஆள் உயிரோடு இருப்பதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா முட்டை சாப்பிட்டவர். தாத்தா 1982இல் வரிசையில் நின்றிருப்பார். கொள்ளுத் தாத்தா இருந்தால் காமராசர் காலத்துச் சோறு அவருக்கு நினைவிருக்கும். பிள்ளை அவர்களிடம் போய் மூன்று கேள்வி கேட்கட்டும்: என்ன போட்டார்கள்? தட்டு யாருடையது? யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? முதல் இரண்டுக்கும் பதில் கொட்டும். கோதுமை ரவையில் வண்டு இருந்தது, வீட்டிலிருந்து அலுமினியத் தட்டைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தோம் என்று பேசுவார்கள். மூன்றாவது கேள்வியில் சிலர் பேச்சை மாற்றுவார்கள். சிலர் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு மறுநாள் வரும் பிள்ளை எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் புதிதாகப் பார்க்கும். சமத்துவம் என்று தலைப்புப் போட்டு நான்கு வாக்கியம் எழுதுவதை விட இது மேல். ஒரே பிள்ளையின் இரண்டு தாத்தாக்களும் இரண்டு விதமாகச் சொல்வார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். யார் சொல்வது சரி, இரண்டும் சரியாக இருக்க முடியுமா என்று ஐந்தாம் வகுப்பில் விவாதிக்கலாம்.

இங்கேதான் என் அடுத்த வேண்டுகோள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று வள்ளல்களைச் சொல்லிக் கொடுக்கிறோம். அழகான பாடம், எடுத்துவிட வேண்டாம். ஆனால் அதை எந்தக் குரலில் சொல்கிறோம்? பெரிய கோயிலை இராசராசன் கட்டினான் என்பதும் பாரி தேர் கொடுத்தான் என்பதும் புத்தகத்தில் ஒரே மாதிரி வாக்கியமாக, ஒரே எழுத்தளவில், அடுத்தடுத்து நிற்கின்றன. "தேரைக் குடுத்துட்டா குதிரையை என்ன பண்ணுனாரு?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. பாட்டில் அது இல்லை, பாட்டு அதற்காக எழுதப்பட்டதும் இல்லை என்று சொன்னேன். "அப்ப பாட்டுல எழுதுனவரு நேர்ல பார்த்தாரா?" என்று அடுத்த கேள்வி. இதை விட வேறென்ன வேண்டும்? எட்டு வயதில் ஒருத்தி மூல ஆதாரத்தைப் பற்றிக் கேட்கிறாள்.

எனவே புத்தகம் முழுக்க மூன்று சின்னக் குறிகளை வையுங்கள்: கல் சொன்னது, பாட்டு சொன்னது, பாட்டி சொன்னது. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ஒரு குறி. மூன்றும் மதிப்புள்ளவைதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளை நாளடைவில் தானே பழகிக்கொள்ளும். கல்லும் பொய் சொல்லும், அரசன் தன் புகழைத்தானே வெட்டுவான் என்பதையெல்லாம் ஐந்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவதாக ஒரு குறியும் தேவைப்படலாம்: சினிமா சொன்னது. ஆகஸ்டு 15 மாறுவேடப் போட்டியில் எங்கள் பள்ளியில் நான்கு பாரதி, இரண்டு நேரு, ஒரு ஜான்சி ராணி, கட்டாயம் ஒரு கட்டபொம்மன். வரி, வட்டி, திறை என்று அவன் முழங்கும்போது ஊரே கைதட்டும். அது திரைப்பட வசனம் என்று சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும், பெற்றோர் முகம் அதற்கு மேல். நான் வசனத்தைத் தடுப்பதில்லை, நன்றாக இருக்கும்போது எதற்குத் தடுக்க? வசனம் முடிந்த பிறகு கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16இல் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு வெள்ளைக்காரர்களே எழுதி வைத்த ஆவணம் இருக்கிறது, அவரைத் தூக்கிலிட்டவர்களே எழுதியது என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். கொன்றவர்கள் எழுதியதை நம்பலாமா என்று ஒருவன் கேட்டான். அடுத்த நாள் பார்ப்போம் என்று தப்பித்துக்கொண்டேன்.

குடவோலைக்கு வருகிறேன். ஆட்சி, தேர்தல், உள்ளாட்சி என்று வரும் குடிமையியல் பகுதியில் இதை விட நல்ல பாடம் நமக்கு அமையாது, ஆனால் அதைப் பாதிதான் சொல்கிறோம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரில் 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது. யார் எடுப்பது? உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன். கல்வெட்டிலேயே இருக்கிறது, நம்முடைய பாடங்களில்தான் பெரும்பாலும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்த் தேர்தலில் கடைசி வேலை ஒரு பிள்ளையுடையது என்றால் இன்றைய பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் விடலாமா? ஏன் பெரியவர் எடுக்கக் கூடாது என்று கேளுங்கள், ஏமாற்று வேலை பற்றி அவர்களுக்கு நம்மை விட அதிகம் தெரியும். குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதியைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

பிறகு அதை வகுப்பில் நடத்திப் பார்க்கலாம். தண்ணீர்ப் பொறுப்பு, செடிப் பொறுப்பு, நூலகப் பொறுப்பு என்று மூன்று வாரியம், அதாவது குழு. ஒரு பிளாஸ்டிக் குடம், பெயர் எழுதிய துண்டுச் சீட்டு, எடுக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை. எடுத்து முடிந்ததும் இன்னொரு முறை நடத்துங்கள், இந்த முறை கல்வெட்டு சொன்ன தகுதியோடு. 35 வயதுக்குக் குறையாமல், 70க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிரமதேய ஊர், பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். இப்போது குடத்தில் யார் பெயரெல்லாம் போட முடியாது? பெண்கள் இல்லை. நிலமில்லாதவர் இல்லை. உழுதவர், நெய்தவர், குடம் செய்த குயவர் எவரும் இல்லை. குடத்தில் எத்தனை சீட்டு மிஞ்சுகிறது என்று அவர்களே எண்ணட்டும். "உலகுக்கே மக்களாட்சியைச் சொல்லிக் கொடுத்தோம்" என்று முடிக்கும் வழக்கமான வாக்கியம் அதன்பின் அவர்களிடம் எடுபடாது. கல்வெட்டின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது, ஆயிரம் ஆண்டுக்கு முன் இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதினார்கள் என்பது உண்மையிலேயே பெருமைதான். பெருமையையும் விடுபட்டவர்களையும் சேர்த்தே சொல்லலாம், பிள்ளைகளால் இரண்டையும் தாங்க முடியும். இன்றைக்கு நம் ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்பது எதனால் வந்தது என்று அவர்கள் கேட்க அதுவே வழி. அப்படியே கிராம சபைக்குக் கூட்டிப் போய் ஓரமாக உட்கார வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்கிறது, ஒன்றிலாவது மின்விளக்குப் பிரச்சினை வந்தே தீரும்.

நிலவரைபடம், திசை, ஐவகை நிலம் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை வரையச் சொல்லும் பயிற்சி நன்றாகவே இருக்கிறது. ஏரி உள்ள ஊர்களில் மதகு, கலிங்கு, கரை எல்லாவற்றையும் நேரில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் "என் குடும்பம்" பாடத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, சோபாவில் தாத்தா என்று ஒரு படம். குடும்ப மரம் வரைந்து புகைப்படம் ஒட்டி வா என்று செயல்பாடு. எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் அப்பா இல்லாத பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை, விடுதிப் பிள்ளை இருக்கும். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கும், திருப்பூர்ப் பக்கம் போனால் பீகார்ப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் ஒட்டப் புகைப்படம் இருக்காது, "நம் ஊர் வரலாறு" எழுதச் சொன்னால் எந்த ஊர் என்று விழிப்பார்கள். உன்னை வளர்ப்பவர்களில் ஒருவரிடம் அவர் எட்டு வயதில் என்ன விளையாடினார் என்று கேட்டு வா என்று மாற்றுங்கள். எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு வராது, சூளைப் பிள்ளைதான் யாரும் கேட்காத ஒரு விளையாட்டைக் கொண்டுவரும்.

அதே எச்சரிக்கை ஊர் வரலாற்றுக்கும் உண்டு. தெருப் பெயரைக் கேள், குலதெய்வத்தைக் கேள், உன் பரம்பரைத் தொழிலைக் கேள் என்றால் பிள்ளை வகுப்பில் தன் சாதியைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். இதைச் சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது தோன்றாமல் போகலாம், கிராமத்து வகுப்பறையில் முதல் நிமிடமே தெரிந்துவிடும். ஏரி எல்லோருக்கும் பொது. பள்ளிக்கூடம் பொது. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமை ஆசிரியர் பீரோவில் இருக்கும், அதில் முதல் பெண்பிள்ளை எந்த ஆண்டில் சேர்ந்தாள் என்று தேடுவது அருமையான வேலை. பதிவேட்டில் சாதிப் பத்தி உண்டு என்பதால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், ஆசிரியர் ஆண்டையும் எண்ணிக்கையையும் மட்டும் படித்துச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் குறிப்பெல்லாம் ஆசிரியர் கையேட்டில் இருந்தால்தான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

கடைசியாகக் கேள்வித்தாள். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்னால் "கோடிட்ட இடத்தை நிரப்புக", "பொருத்துக" என்று வந்தால் பாடம் அதற்குத் தகுந்த மாதிரி சுருங்கிவிடும். கோவிவன் பாடத்துக்குப் பின்னால் "நாயின் பெயர் ______" என்று வரப்போவதை நினைத்தால் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. பருவக் கடைசியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டில் ஒரு படத்தைக் கொடுத்து "இதைப் பார்த்து உனக்கு என்ன தெரிகிறது? எது தெரியவில்லை?" என்று இரண்டே வரி கேளுங்கள். திருத்துவது கஷ்டம் என்று ஆசிரியர்கள் முணுமுணுப்போம், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

எங்கள் நிலைமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈராசிரியர் பள்ளியில் எழுத்தும் எண்ணும் முதலில் என்பது நியாயம், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வரலாறு எதற்கு என்பார்கள். மேலே சொன்ன குடம், தட்டு, வரிசை, சீட்டு எதற்கும் நீளமாக வாசிக்க வேண்டியதில்லை. இப்போதுதான் எழுத்துக் கற்கும் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளையும் கேள்வி கேட்கும், பாட்டியிடம் கேட்டு வந்து சொல்லும். சொன்னதை, நன்றாக வாசிக்க எழுதத் தெரிந்த மலர் நிலையில் இருக்கும் பிள்ளை எழுதிக்கொடுக்கும். ஒரே அறையில் மூன்று வகுப்பு இருப்பது இதற்கு வசதியாகவே அமைகிறது. ஒரு பருவத்துக்கு எட்டுப் பாடம் வேண்டாம், மூன்று போதும். மிச்சப் பக்கத்தை வெறுமையாக விட்டு "இது உங்கள் ஊர்ப் பக்கம்" என்று மட்டும் அச்சடியுங்கள். 38 மாவட்டத்துக்கும் ஒரே புத்தகம் எழுதும்போது நாகப்பட்டினத்துக் கடற்கரைப் பிள்ளைக்கும் கூடலூர்ப் பிள்ளைக்கும் தேவையானதை நீங்கள் எழுத முடியாது, அந்தந்த ஆசிரியர்தான் நிரப்ப முடியும். நிரப்பியதற்குப் புகைப்படம் எடுத்துத் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்று என்று மட்டும் அடுத்த சுற்றறிக்கை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைவு தயாரானதும் அச்சுக்கு அனுப்பும் முன்னால் ஒரு பத்து ஈராசிரியர் பள்ளிகளுக்கு நகலெடுத்து அனுப்பி வையுங்கள். எழுதியவர்களில் ஒருவர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடவேளை பார்க்கட்டும். பிள்ளைகள் எந்த இடத்தில் கை தூக்குகிறார்கள், எந்த இடத்தில் பென்சில் சீவப் போகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு போய் அந்தப் பக்கங்களை மறுபடி எழுதுங்கள். எங்கள் பள்ளிக்கு வருவதானால் புதன்கிழமை வாருங்கள், அன்றைக்கு மதியம் இரண்டு பாடவேளை சமூக அறிவியல்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியர்